வாடகை மிச்சம் என்னும் பொய்க்கணக்கு

"மாசம் ஆறாயிரம் வாடகை குடுக்கிறோம். அதோட கொஞ்சம் சேர்த்துப் போட்டா லோன் தவணையே கட்டிரலாம். இருபது வருசத்துல வீடு நமக்கு. அப்புறம் ஒரு செலவும் கிடையாது."

போடிநாயக்கனூரில் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியைக் கூடக் கடக்க முடியாது. மனை விற்பவர் சொல்கிறார், கடன் வாங்கித் தருகிற தரகர் சொல்கிறார், மாமனார் சொல்கிறார். சொல்கிறவர்களில் பாதிப் பேர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதனால்தான் இதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. வாடகை வீண், சொந்த வீட்டுக்கு மாதச் செலவில்லை, எப்படியும் விலை ஏறும் என்ற மூன்று நம்பிக்கைகள் இதற்குள் இருக்கின்றன. மூன்றும் தவறு. மாதச் சம்பளம் வாங்கும் நகரத்துக் குடும்பத்துக்கு இந்தத் தவறு ஒரு தொந்தரவோடு போய்விடும். ஏலக்காயை நம்பி வாழும் இந்த ஊருக்கும் இதற்கு மேலே உள்ள மலைச்சரிவுகளுக்கும் அது குடும்பத்தையே கடனில் தள்ளும் தவறு.

முதலில் வாடகை வீண் என்ற பேச்சு. வாடகை கொடுக்கிறவர் நான்கு சுவருக்கு மட்டும் பணம் கொடுக்கவில்லை. சொத்து வரி, மொட்டை மாடி ஒழுகல், எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் கூலி, வெள்ளையடிப்பு எல்லாம் அந்த ஆறாயிரத்துக்குள் அடக்கம். வீட்டுக்காரர் செய்து தருவதில் தாமதம் இருக்கலாம், சண்டை இருக்கலாம்; பொறுப்பு அவருடையது. இது என் கணிப்பு அல்ல, சட்டமே ஏற்றுக்கொண்ட கணக்கு. வாடகை வருமானம் காட்டுகிறவர் ரசீது ஒன்றும் காட்டாமலே அதில் 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. நகராட்சிக்குக் கட்டும் வரியைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் 30 சதவீதம். வீட்டை வைத்துக் காப்பாற்ற அவ்வளவு போகும் என்று சட்டம் எழுதியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடப் பழைய சாட்சி 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். தமிழ்நாட்டின் நகராட்சிகள் பல பத்தாண்டுகள் அதன்படிதான் நடந்தன. ஒரு கட்டடத்துக்கு வரி போட அதன் ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிடும்போது பத்து சதவீதத்தைப் பழுதுச் செலவுக்கென்று கழிக்கச் சொன்னது அந்தச் சட்டம். கவனிக்க வேண்டியது, அந்தக் கழிவு கட்டடத்துக்குரிய பகுதிக்கு மட்டும்தான், மனைக்கு இல்லை. மனை தேயாது, கட்டடம் தேயும். நூறாண்டுக்கு முன் வரி வசூலிப்பவருக்குத் தெரிந்திருந்த இந்த உண்மை, இன்று 20 லட்சம் கடன் வாங்கும் குடும்பத்தின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரியாகக்கூட இல்லை.

ஒத்தி வீட்டில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கிறார்கள். வரி ரசீது வீட்டுக்காரர் பெயரில் வருகிறது, சுவர் விரிந்தால் அவரைக் கூப்பிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தோடு அதே ஒத்திப் பணத்தைத் திருப்பி வாங்கிச் சொந்த வீட்டுக்கு முன்பணமாகப் போடும்போது, கூப்பிட ஆள் இல்லை என்பது கிரகப்பிரவேசம் முடிந்து இரண்டாவது மழையில்தான் உறைக்கிறது.

இரண்டாவது நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் மோசமானது: சொந்த வீட்டுக்கு மாதச் செலவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 800 சதுர அடியில் ஒரு கான்கிரீட் வீடு. வெளிப்புறப் பெயின்ட் 45,000 ரூபாய் ஆகிறது, ஐந்து ஆண்டு தாங்குகிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 750. மொட்டை மாடித் தளத்தைப் பெயர்த்துப் புதிதாக ஓடு பதிக்க 60,000, பதினைந்து ஆண்டு தாங்கும் என்றால் மாதம் 333. மோட்டார் 18,000, ஆறு ஆண்டு: 250. செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய மாதம் 100 என்ற கணக்கில் வரும். குழாய், வால்வு, சுவிட்ச், பூட்டு, கதவுக் கீல் என்று சில்லறையாகப் போவது 400. சொத்து வரி ஆண்டுக்கு 3,000 என்றால் மாதம் 250. குடிநீர்க் கட்டணம் 100, காப்பீடு 150. கூட்டினால் 2,333 ரூபாய். இவை நான் எடுத்துக்கொண்ட தொகைகள். உங்கள் வீட்டுக்குக் கூடலாம், குறையலாம். பொருளின் விலையை அது தாங்கும் மாதங்களால் வகுக்கும் முறைதான் முக்கியம். எந்த எண்ணைப் போட்டாலும் பூஜ்யம் வராது. "ஒரு செலவும் கிடையாது" என்று சொல்கிறவர் அந்த இடத்தில் பூஜ்யத்தைப் போடுகிறார்.

அமெரிக்கப் புத்தகங்களைப் படித்தவர்கள் வீட்டு விலையில் ஆண்டுக்கு ஒரு சதவீதம் ஒதுக்கினால் போதும் என்பார்கள். அதுவும் இங்கே பொருந்தாது. அங்கே மரச்சட்ட வீடு, வேறு கூலி, வேறு மழை. இங்கே வீட்டு விலை என்று பேசுவதில் பெரும்பகுதி மனையின் விலை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மனைக்கு விலை அதிகம் என்பதால் அங்கே சுவர் சீக்கிரம் விரிந்துவிடாது. வீட்டில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணித்தான் கணக்குப் போட வேண்டும்.

போடியில் அந்தப் பொருள்களுக்கு வரும் சேதத்துக்கும் ஊருக்கென்று ஒரு குணம் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் மலைக் கணவாய்களில் இருந்து இறங்கும் காற்று தகரக் கூரையின் ஆணியைத் தளர்த்தும், ஓட்டைப் புரட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை மொட்டை மாடியில் தேங்கி, நீர் இறங்கி, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, உள்கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். அது தெரிய ஆரம்பிக்கும்போது ஒழுகல் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தொடக்கத்தில் விரிசலை அடைத்திருந்தால் ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், ஒரு நாள் கூலி. தள்ளிப்போட்டால் தளத்தையே உடைக்க வேண்டும். மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மின்சாரச் செலவை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு குதிரைத்திறன் மோட்டார் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலே இரண்டு மாதத்தில் 45 யூனிட்டுக்கு மேல் போய்விடும். இலவசத்தில் ஏறக்குறைய பாதியை அதுவே குடித்துவிடுகிறது.

தவணையாவது மாறாமல் இருக்கும் என்று நினைக்கிறார்கள். 2019 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வங்கிகள் கொடுத்த மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டவை. அந்த ரெப்போ 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. 20 லட்சம் கடன், 20 ஆண்டு, வட்டி 6.7 சதவீதம் என்றால் தவணை சுமார் 15,150 ரூபாய். அதே கடனுக்கு வட்டி 9.2 ஆனால் சுமார் 18,250. மாதம் 3,100 கூடுதல். தவணையைக் கூட்டாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கொள்ளலாம் என்றால், கடன் தொடங்கிய நிலையில் ஒரு மாத வட்டியே 15,333 ரூபாய். பழைய தவணை வட்டிக்குக்கூடக் காணாது. 2025-இல் ரெப்போ இறங்கியது உண்மைதான். ஏறும்போது தாங்க முடியாதவர் இறங்கும் வரை காத்திருக்க முடியாது.

வரிக்கும் இதே கதை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டு நகராட்சிகளில் சொத்து வரி உயர்ந்தபோது 600 சதுர அடி வரையான குடியிருப்புகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்வு அமைந்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் 6 சதவீதம் உயர்த்தும் ஏற்பாடும் வந்தது. பையனுக்குக் கல்யாணம் ஆகும், மாடி வேண்டும் என்று 1,100 சதுர அடியை 1,900 ஆக்கியவர், படிக்கட்டோடு சேர்த்து இரண்டு வரி அடுக்குகளையும் ஏறியிருக்கிறார். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. அந்த மாதங்களில் கையில் காசு இருக்க வேண்டுமே.

நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். வீட்டுச் செலவு மாதாமாதம் வருகிறது. போடியின் வருமானம் மாதாமாதம் வருவதில்லை. ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரை ஏலக்காய் எடுப்பு. ஒரு எடுப்புக்கும் அடுத்த எடுப்புக்கும் இடையே நாற்பது, நாற்பத்தைந்து நாள். பங்குனியிலிருந்து ஆனி வரை தோட்டக்காரர் கையில் செலவு மட்டுமே. தரம் பிரிக்கும் பெண்களுக்கு வேலை குறைகிறது. விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறிக் கேரளத் தோட்டங்களுக்குப் போகிறவர்களுக்கு வாரத்தில் கிடைக்கும் நாள்கள் குறைகின்றன. கனமழையில் மலைச்சாலை அடைபட்டால் அன்றைய கூலி இல்லை.

விலையின் போக்கு இன்னும் கொடுமை. 2018 வெள்ளமும் அடுத்த ஆண்டு வறட்சியும் இடுக்கித் தோட்டங்களைக் கெடுத்தன. 2019 ஆகஸ்டில் அங்குள்ள புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-இல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே விற்றது. விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில்தான் அஸ்திவாரம் தோண்டுகிறார்கள். வீட்டின் அளவை அந்த ஆண்டின் விலை தீர்மானிக்கிறது. அந்த வீட்டைக் காக்கும் பணமோ ஆயிரத்துக்குக் கீழே விற்கும் ஆண்டில் இருந்து வர வேண்டும். ஏலச் செடிக்கு உரம் இவ்வளவு, மருந்து இத்தனை சுற்று, கவாத்துக்கு இத்தனை ஆள் என்று ஒரு எடுப்புக்கு ஆகும் செலவை விரல்நுனியில் வைத்திருக்கும் அதே விவசாயி, செடியைவிட நூறு மடங்கு பணம் விழுங்கிய வீட்டுக்குப் பராமரிப்பு வேண்டாம் என்று நம்புகிறார். நட்டதோடு விட்டால் தோட்டம் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டால் நமக்கு ஒரு பாடமே எடுப்பார்.

மலைச்சரிவில் நிலைமை வேறு மாதிரி. மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் ஓய்வு பெற்றதும் போடிக்கும் கம்பத்துக்கும் இறங்கி வருகிறார்கள். லயம் எவ்வளவு மோசமாக இருந்தாலும், 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வீடு கொடுத்து அதைப் பராமரிப்பது நிர்வாகத்தின் கடமை என்றது. பல நிர்வாகங்கள் அதைச் சரிவரச் செய்யவில்லை என்பது வேறு வழக்கு. சுவர் யாருடையது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. பணிக்கொடையை வைத்துக் கீழே வீடு கட்டும்போது அந்தக் கடமை முழுவதும் அறுபது வயதுக்காரர் தலையில் வந்து உட்காருகிறது. பணிக்கொடை முழுவதையும் சுவரில் போட்டுவிட்டவருக்குச் சுவரைக் காக்க என்ன மிச்சம்?

குரங்கணி, கொட்டகுடி, முதுவாக்குடி என்று மேலே போகப் போகச் செலவும் ஏறும். சாலை முடியும் இடத்திலிருந்து ஒரு மூட்டை சிமென்ட் தலைச்சுமையாகவோ குதிரை மேலோ போக வேண்டும். கீழே வாங்கிய விலையோடு சுமைக்கூலி சேரும். ஈரம் சுவரை விடாது. அரசு கட்டித்தரும் வீடுகள் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். 2024-இல், 2001-க்கு முன் அரசு கட்டிக்கொடுத்த சுமார் 2.5 லட்சம் ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க ஒரு தனித் திட்டத்தையும் அரசு அறிவித்தது. வீடு கொடுத்தால் செலவு முடியாது என்பதற்கு அரசின் வாக்குமூலம் இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒழுகிய பிறகு வரும் வாக்குமூலம். இன்று கட்டப்படும் வீடுகளுக்கு அந்தத் தாமதம் கூடாது. சுமைக்கூலியும் சேர்த்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை கூரைக்கென்று ஒரு தொகை திட்டத்திலேயே இருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பாகச் சொல்வதில் ஒன்றுக்கு நான் தலைவணங்குகிறேன். வாடகைக்குப் போனால் என்ன சாதி என்று கேட்கிறார்கள். கறி சமைப்பீர்களா என்று கேட்கிறார்கள். கணவன் இல்லாத பெண்ணுக்கு வீடில்லை என்கிறார்கள். நள்ளிரவில் காலி செய் என்றால் பிள்ளைகளோடு எங்கே போவது? எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னதில் இந்த அவமானமெல்லாம் அடங்கியிருக்கிறது. சொந்த வீடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவ்வளவு பாடுபட்டு அடைந்த வளை நிலைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கணக்கைக் கேட்கிறேன். பராமரிக்க முடியாமல் பத்திரத்தை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் விற்றுவிட்டு மறுபடி வாடகைக்குப் போகிறவரிடம் அதே கேள்விகளை அதே குரலில்தான் கேட்பார்கள்.

விலை ஏறும் என்ற மூன்றாவது நம்பிக்கையை நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. மனை ஏறலாம். கட்டடம் ஏறாது. குடியிருக்கும் வீட்டின் விலை ஏறியதால் கொத்தனாருக்குக் கூலி கொடுக்க முடியாது; விற்றால்தான் காசு, விற்றால் வீடில்லை. வரிச் சலுகை கிடைக்குமே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்போது இயல்பாகப் பொருந்தும் புதிய வருமான வரி முறையில், தானே குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்குக் கழிவு கிடையாது.

"வரும்போது பார்த்துக்கலாம்" என்பதுதான் கடைசிப் பதில். வரும்போது யார் பார்க்கிறார்கள்? வீட்டு அம்மாதான். மோட்டார் எரிந்தால் குழுக் கடன், கூரை போனால் கழுத்துச் சங்கிலி. 40,000 ரூபாய்க்கு நகையை வைத்து ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டும் 400. அசலைத் திருப்ப முடியாமல் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகிற குடும்பங்கள் எத்தனை! அந்த 400 ரூபாயை வீடு கட்டிய மாதத்திலிருந்தே எடுத்து வைத்திருந்தால் எட்டு ஆண்டு நான்கு மாதத்தில் அதே 40,000 கையில் இருக்கும், சங்கிலி கழுத்தில் இருக்கும். ஏழைக்கு எடுத்துவைக்கப் பணம் ஏது என்கிறார்கள். வட்டியாக அவர் கட்டிக்கொண்டிருக்கிற பணம் அதுதான். எடுத்து வைக்காத வீட்டுச் செலவு நின்றுவிடுவதில்லை, பெண்களின் நகையிலிருந்தும் வாரத் தவணையிலிருந்தும் அது வசூலாகிறது. குடும்பத்தின் கணக்கில் அது வீட்டுச் செலவு என்று எழுதப்படுவதும் இல்லை.

எனவே மாதச் சம்பளக்காரருக்கு எழுதிய யோசனைகளை விட்டுவிட்டு எடுப்புக்கு எடுப்பு ஒதுக்க வேண்டும். மாதம் தவறினால் அபராதம் போடும் தொடர் வைப்பைவிட, தபால் அலுவலகத்தில் ஒரு சாதாரணச் சேமிப்புக் கணக்கு இதற்குப் பொருந்தும். அது வீட்டு அம்மா பெயரில் இருக்கட்டும், ஏனென்றால் அவர்தான் ஒழுகலை முதலில் பார்க்கிறவர். மாதம் 2,333 என்றால் ஆண்டுக்கு 28,000 ரூபாய். ஐந்து எடுப்பு கிடைத்தால் எடுப்புக்கு 5,600. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் கட்டாயம் வழங்க வேண்டிய 'பாரத் கிரிஹ ரக்ஷா' காப்பீட்டையும் அதிலிருந்தே கட்டலாம். மலையடிவாரத்தில் வீடு வைத்திருப்பவர்கள் அதை விடக்கூடாது.

இன்னும் கட்டாதவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டே, கட்டப்போகும் வீட்டின் தவணையையும் பராமரிப்புத் தொகையையும் கூட்டி, அதில் வாடகையைக் கழித்து, மிஞ்சும் தொகையை மாதாமாதம் வங்கியில் போட்டுக்கொண்டு வர வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 15,150-உம் 2,333-உம் சேர்ந்து 17,483. ஆறாயிரம் வாடகை போக 11,483. "கொஞ்சம் சேர்த்துப் போட்டா" என்று பந்தியில் சொன்ன கொஞ்சம் இதுதான். ஆடியில் தொடங்கி அடுத்த ஆனி வரை, ஒரு எடுப்புக் காலமும் ஒரு காய்ப்பில்லாக் காலமும் முழுதாகக் கடக்க வேண்டும். கடந்துவிட்டால் அந்தப் பணமே அஸ்திவாரச் செலவுக்கு ஆகும், தைரியமாகக் கட்டலாம். சித்திரையில் போட முடியாமல் நின்றுபோனால், வரைபடத்தை எடுத்துவைத்து அதிலிருந்து ஒரு அறையைக் குறைத்துவிட்டு மறுபடி கணக்குப் போட வேண்டும்.